உயிர்ப் பூஞ்சை மருந்துகள் கைவிடுவது எங்கே? வித்துக் கணக்கு, நேரம், கலவை

#1 · வேர்முடிச்சு

டிரைக்கோடெர்மா (பயிர் நோயைத் தடுக்கும் பூஞ்சை), பெவேரியா, மெட்டாரைசியம், வெர்டிசீலியம் (பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகள்) பற்றிக் கேட்டால் எங்கும் ஒரே பதில்தான்: "லிட்டருக்கு 5 கிராம், மாலையில் தெளிக்கவும்." அதே பாக்கெட் ஒரு வயலில் கேட்கிறது, அடுத்த வயலில் கேட்பதில்லை. "உயிரி மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும்" என்று சமாதானம் சொல்லி முடித்துவிடுகிறோம். மெதுவாக வேலை செய்வது வேறு, வேலையே செய்யாதது வேறு.

இந்த இழையில் அனுபவக் கதைகள் வேண்டாம். அளவு, காரணம், சோதிக்கும் முறை மட்டும் பேசலாம். முதல் கேள்வி: லிட்டருக்கு 5 கிராம் என்ற கணக்கு எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது?

#2 · வித்துக்கணக்கு

கிராம் கணக்குதான் முதல் கோளாறு. பாக்கெட்டில் இருப்பதில் பெரும்பங்கு டால்க் மாவு. வேலை செய்வது அதில் ஒட்டியிருக்கும் உயிருள்ள வித்து (விதைபோல முளைக்கும் பூஞ்சையின் நுண்துகள்). ஆகவே பார்க்க வேண்டியது கிராமுக்கு எத்தனை வித்து என்பதை.

பூச்சிக்கு எதிரான பெவேரியா, மெட்டாரைசியம் தெளிப்பில் மி.லி.க்கு 10⁷ வித்து இருந்தால்தான் நம்பலாம். எக்டருக்கு 500 லிட்டர் தெளித்தால் அது 5×10¹² வித்து. உலகெங்கும் வயல் அளவாகச் சொல்லப்படுவது எக்டருக்கு 10¹² முதல் 10¹³ வரை, அதற்குள் இது அடங்கும்.

இப்போது பாக்கெட்டைப் பாருங்கள். கிராமுக்கு 10⁸ என்று போட்டிருக்கிறது. 5 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 5×10⁸, அதாவது மி.லி.க்கு 5×10⁵. தேவையில் இருபதில் ஒரு பங்கு. எக்டர் கணக்கில் 2.5×10¹¹. கம்பெனி சொன்னதைச் சொன்னபடி செய்தாலும் இவ்வளவுதான் விழும். அதிலும் பாதி வித்து செத்திருந்தால் நாற்பதில் ஒரு பங்கு.

விதை நேர்த்தியில் கணக்கு தலைகீழ். கிலோ விதைக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா போட்டால் ஒரு கிராம் விதையின் மேல் 10⁶ வித்து உட்கார்கிறது, வேர் வெளிவரும் அதே இடத்தில். குறைந்த சரக்கில் நிறைந்த பலன் கிடைப்பது அங்கேதான்.

#3 · மழைத்தூறல்

அப்படின்னா 10⁸ பாக்கெட்டில் 10⁷ தெளிப்பு வேணும்னா லிட்டருக்கு 100 கிராம் போடணும். அவ்வளவு டால்க் போட்டா நாசில் அடைச்சுக்குமே?

#4 · வித்துக்கணக்கு

அடைக்கும். இலை மேல் வெள்ளை பூசியதுபோலவும் ஆகும். அதனால் அளவைக் கூட்டுவது தீர்வல்ல. கிராமுக்கு 10⁹ அல்லது அதற்கு மேல் உள்ள சரக்கு, இல்லையென்றால் எண்ணெயில் கலந்த வித்து வாங்க வேண்டும். 10⁹ என்றால் லிட்டருக்கு 10 கிராம் போதும்.

இன்னொரு வழி, அரிசியில் வளர்ந்த பூஞ்சையை நேரடியாகக் கழுவி எடுப்பது. நன்றாக விளைந்த பெவேரியா அரிசியில் கிராமுக்கு 10⁹ அளவில் வித்து இருக்கும். 100 கிராம் அரிசியை 1 லிட்டர் தண்ணீரில் 0.5 மி.லி. டுவீன் 80 (வித்தைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் திரவம்) சேர்த்துப் பிசைந்து, துணியில் வடித்து, 10 லிட்டராக்கினால் மி.லி.க்கு 10⁷ கிடைக்கும். டுவீன் தவிர்க்கக் கூடாது. பெவேரியா, மெட்டாரைசியம் வித்துகள் தண்ணீரை ஒட்டாதவை. வெறும் தண்ணீரில் போட்டால் மேலே தூசியாக மிதக்கும், டேங்கின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெர்டிசீலியம் வித்து வழவழப்பான பசையில் இருப்பதால் தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடும். துணி துவைக்கும் தூள் வேண்டாம். காரமும் நுரையும் வித்துக்குப் பகை.

#5 · நுண்ணோக்கி

எண்ணிப் பார்க்கும் முறையையும் எழுதிவிடுகிறேன். ரத்த அணு எண்ணும் கண்ணாடித் தட்டும் 400 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியும் இருந்தால் அரை மணி நேர வேலை.

1 கிராம் சரக்கை 100 மி.லி. தண்ணீரில், 0.05 சதவீத டுவீனோடு, பத்து நிமிடம் நன்றாகக் குலுக்கவும். ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் டால்க் கீழே இறங்கும். மேல்நீரில் 1 மி.லி. எடுத்து 9 மி.லி. தண்ணீரில் கலக்கவும். இப்போது மொத்த நீர்ப்பு 1000 மடங்கு. தட்டின் நடுவே உள்ள 1 சதுர மி.மீ. கட்டத்தில் (25 சிறு கட்டங்கள்) இருக்கும் வித்துகளை எண்ணவும். 80 வந்தால் 80×10⁴ = மி.லி.க்கு 8×10⁵. அதை 1000-ஆல் பெருக்கினால் கிராமுக்கு 8×10⁸. கோட்டின் மேல் விழுந்தவற்றில் மேல், இடது ஓரங்களை மட்டும் சேர்க்கவும். இல்லாவிட்டால் ஒன்றையே இரண்டு முறை எண்ணுவீர்கள்.

இந்த எண்ணிக்கையில் செத்த வித்தும் சேர்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அகர் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) பூசிய கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டு, 25 டிகிரியில் 20 முதல் 24 மணி நேரம் ஈரப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். முளைக்குழல் வித்தின் அகலத்துக்கு நீண்டிருந்தால் அது உயிருள்ளது. 300 வித்தாவது பார்க்க வேண்டும். நல்ல சரக்கில் 85 சதவீதத்துக்கு மேல் முளைக்கும். 40 சதவீதம்தான் என்றால் அந்த 8×10⁸ உண்மையில் 3.2×10⁸.

#6 · மழைத்தூறல்

நுண்ணோக்கி இல்லாதவங்களுக்கு?

#7 · நுண்ணோக்கி

அரிசிச் சோதனை இருக்கிறது. ஆனால் அது "உயிர் இருக்கா, இல்லையா" என்பதை மட்டும்தான் சொல்லும், எவ்வளவு என்பதைச் சொல்லாது.

அரைவேக்காடாக வடித்த அரிசியை வெப்பம் தாங்கும் பையில் கட்டி, பிரஷர் குக்கரில் 30 நிமிடம் வேகவைத்து ஆறவிடவும். ஒரு சிட்டிகை பாக்கெட் மாவைத் தூவி, பஞ்சால் வாயை அடைத்து, வெயில் படாத இடத்தில் வைக்கவும். இன்னொரு பையில் எதுவும் தூவாமல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அந்த வெறும் பையில் பூஞ்சை வந்தால் கோளாறு உங்கள் கைவேலையில். பாக்கெட்டைக் குறை சொல்ல முடியாது.

டிரைக்கோடெர்மா என்றால் இரண்டாம் மூன்றாம் நாளில் வெள்ளை இழை, நான்கைந்து நாளில் திட்டுத் திட்டாகப் பச்சை. சில வகைகளில் தேங்காய் வாசம் வரும்; 6-பென்டைல் பைரோன் என்ற பொருளின் மணம் அது. பெவேரியா மாவு படிந்ததுபோல் வெள்ளையாகவே நிற்கும், ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். மெட்டாரைசியம் முதலில் வெள்ளை, பிறகு ஆலிவ் பச்சை.

கருப்புப் பொடி வந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். சாம்பல் பஞ்சில் குண்டூசித் தலை மாதிரிக் கரும்புள்ளிகள் என்றால் ரைசோபஸ். புளித்த நாற்றமும் கொழகொழப்பும் பாக்டீரியா. மஞ்சள் கலந்த பச்சைப் பொடி வந்தால் பையைத் திறக்கவே வேண்டாம். அது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸாக இருக்கலாம், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரப்பது. டிரைக்கோடெர்மா பச்சையையும் அதையும் குழப்பிக்கொள்வதுதான் வீட்டுத் தயாரிப்பில் ஆபத்தான தவறு. சந்தேகம் வந்தால் பையோடு வேகவைத்துப் புதைத்துவிடுங்கள்.

#8 · இலைப்பேன்

பூச்சிப் பக்கம் வருவோம். "மருந்து குடித்துச் சாகிறது" என்று நினைத்தால் மற்ற எல்லாக் கணக்கும் தப்பும். பெவேரியாவைப் பூச்சி தின்ன வேண்டியதில்லை. தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போகிறது. சாறு உறிஞ்சும் பூச்சியிடமும் இது பலிப்பதற்கு அதுதான் காரணம். இலையில் படியும் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா பூச்சியின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும் என்பதால், சாறு உறிஞ்சிகளை அது ஒன்றும் செய்யாது.

வரிசை இப்படி. ஒட்டுதல், பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் முளைத்தல், தோலைக் கரைக்கும் புரோட்டியேஸ், கைட்டினேஸ் நொதிகள், உள்ளே ரத்தத்தில் ஈஸ்ட் போன்ற உடல்களாகப் பெருகுதல், நச்சுகள். மெட்டாரைசியத்தில் டெஸ்ட்ரக்சின், பெவேரியாவில் பெவேரிசின், ஊஸ்போரின். ஊஸ்போரின் சிவப்பு நிறமி, அதனால் பெவேரியா தாக்கிய புழு சில நேரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். சாவு 3 முதல் 10 நாளில்.

இதிலிருந்து மூன்று காரியம் வருகிறது.

முளைக்கும் அந்த முதல் இரவில் ஈரம் வேண்டும். வித்தைச் சுற்றியுள்ள காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால்தான் நன்றாக முளைக்கும். காலையில் தெளித்தால் வெயில் முந்திக்கொள்ளும். நேரடி வெயிலில் புற ஊதாக்கதிர் சில மணி நேரத்தில் பாதிக்கு மேல் வித்தைக் கொன்றுவிடும். மாலைத் தெளிப்புக்கு இதுதான் காரணம், "குளிர்ச்சியா இருக்கும்" என்பதல்ல.

தோல் உரிக்கப்போகும் புழு, ஒட்டிய வித்தைச் சட்டையோடு கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பிவிடும். எனவே ஒரு தெளிப்போடு நிறுத்தாமல் 7 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்க வேண்டும். சிறு புழு அடிக்கடி தோலுரிக்கும், ஆனால் அதன் தோல் மெல்லியது, தின்னும் சேதமும் குறைவு. பெரிய புழுவைக் குறிவைத்தால், அது சாவதற்குள் தின்ன வேண்டியதைத் தின்று முடித்திருக்கும்.

மூன்றாவது, இரண்டாம் நாள் போய்ப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஏழாம் நாள் எண்ணிப் பாருங்கள். தெளிக்காத நான்கைந்து வரிசையை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

#9 · கோடைக்காற்று

90 சதவீத ஈரப்பதம் வறண்ட பருவத்தில் எங்கே இருக்கும்? அப்புறம் இந்த மருந்து மழைக்காலத்துக்கு மட்டும்தானா?

#10 · இலைப்பேன்

வானிலைக் கருவி காட்டுவது தலைக்கு மேல் உள்ள காற்றை. இலையின் அடிப்பக்கத்தை ஒட்டிய சில மி.மீ. காற்று, அடர்ந்த பயிருக்குள், பாசனத்துக்கு அடுத்த இரவில், அதைவிட எவ்வளவோ ஈரமானது. வெள்ளை ஈயும் அசுவினியும் இருப்பதும் அங்கேதான். அதனால் நாசிலைக் கீழிருந்து மேலாகத் திருப்பி, அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். இலை மேல்பரப்பில் அடிப்பது பாதிச் சரக்கை வெயிலுக்குக் கொடுப்பது.

பாசனம் பாய்ச்சிய அன்று மாலையே தெளியுங்கள். எண்ணெய்க் கலவை வித்துக்கு ஈரத்தேவை குறைவு. எண்ணெய் பூச்சித் தோலின் மெழுகில் பரவி வித்தை மடிப்புகளுக்குள் கொண்டுபோகிறது. பாலைவன வெட்டுக்கிளிக்கு மெட்டாரைசியம் அக்ரிடம் எண்ணெயில் கலந்துதான் பயன்படுகிறது, அதுவும் வறண்ட நிலத்தில்.

ஆனால் வெப்பத்துக்கு மாற்று வழி கிடையாது. பெரும்பாலான பெவேரியா வகைகளுக்கு 20 முதல் 30 டிகிரி உகந்தது. 35-ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றே போகும். இரவும் 30-க்குக் கீழே இறங்காத வாரத்தில் திறந்த வயலில் இலைத் தெளிப்பு வீண். அந்தக் காலத்தில் மண்ணில் இருக்கும் பூச்சிக்கு மெட்டாரைசியம் போடலாம். மண்ணுக்குள் வெயிலும் இல்லை, ஈரமும் தங்கும். காண்டாமிருக வண்டின் புழு வளரும் எருக்குழிக்கு ஒரு கன மீட்டருக்கு 5×10¹¹ வித்து என்று கணக்கிட்டுக் கலக்கிறார்கள். புழு அங்கேயே மாதக்கணக்கில் கிடப்பதால் தொற்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும்.

#11 · மண்புழு72

டிரைக்கோடெர்மா பற்றி யாரும் பேசலை. வாடல் நோய் வந்த செடிக்கு ஊத்துறோம், பிழைக்க மாட்டேங்குது. மருந்து போலியா?

#12 · வேர்க்காவலன்

போலியாக இருக்க வேண்டியதில்லை. இடம் தப்பு.

ஃபியூசேரியம் வாடல் நீர் கடத்தும் குழாய்க்குள் புகுந்து மேலே ஏறியிருக்கும். டிரைக்கோடெர்மா வேரின் வெளிப்பரப்பிலும் புறணியின் மேலடுக்கிலும் மட்டும்தான் குடியிருக்கும், குழாய்க்குள் போய்த் துரத்தாது. இலை தொங்கிய பின் ஊற்றுவது, திருடன் வீட்டுக்குள் போன பிறகு வாசலில் காவல் போடுவது மாதிரி. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்துவிட்டுச் சுற்றியுள்ள செடிகளுக்கு ஊற்றுங்கள்.

முந்திக்கொண்டு வேரில் இடம் பிடிப்பதுதான் அதன் பலம். உணவுக்குப் போட்டி போடும், ரைசோக்டோனியா போன்ற நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றிக்கொண்டு கைட்டினேஸ், குளுக்கனேஸ் சுரந்து சுவரைக் கரைக்கும், செடியின் சொந்த எதிர்ப்பையும் தூண்டும். சுற்றிப் பிடித்துத் தின்னும் இந்த வேலையை ஆய்வாளர் வெயிண்ட்லிங் 1932-லேயே எழுதிவிட்டார். நாற்றங்காலில் வரும் நாற்றழுகலுக்கு இதன் பலன் கண்கூடாகத் தெரியும். நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் (Pythium) பூஞ்சை இனமே அல்ல, ஆனாலும் வேரை முதலில் யார் பிடிப்பது என்ற போட்டியில் டிரைக்கோடெர்மா அதையும் தடுக்கிறது.

மண்ணில் தூவும் கணக்கு இன்னும் மோசம், வித்துக்கணக்கு அவர்கள் பாணியிலேயே போடுகிறேன். எக்டருக்கு 2.5 கிலோ, கிராமுக்கு 10⁸ என்றால் 2.5×10¹¹. மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 2000 டன், அதாவது 2×10⁹ கிராம். வகுத்தால் ஒரு கிராம் மண்ணுக்கு 125 வித்து! ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் பூஞ்சைக் கூட்டத்துக்கு நடுவே இது எம்மாத்திரம்? குறைந்தது ஆயிரம், நன்றாக வேண்டுமென்றால் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டும்.

எனவே பெருக்கித்தான் போட வேண்டும். நன்றாக மக்கிய தொழு உரம் 90 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 முதல் 2 கிலோ. கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம். நிழலில், ஈரச் சாக்கால் மூடி, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, 10 முதல் 15 நாள். பச்சைத் திட்டுகள் தெரிந்தால் விளைந்துவிட்டது; கிராமுக்கு 10⁷ அளவை எட்டும். இதை வயலெங்கும் வீசாமல் நடவுக் குழியிலோ சாலிலோ வேர்மண்டலத்தில் வையுங்கள். 250 கிலோவை நிலத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மட்டும் வைத்தால் அங்கே கிராமுக்கு 25,000 வரும்.

பச்சைச் சாணி, மக்காத எரு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அது சூடேறும், அம்மோனியா விடும். உள்ளே கைவைத்தால் சுடுகிற குவியலில் டிரைக்கோடெர்மா போட்டால் அது செத்த சரக்கு.

#13 · மண்புழு72

விளங்கிச்சு, நன்றி. அப்ப 200 லிட்டர் டிரம்மில் 2 கிலோ வெல்லம் போட்டு 1 கிலோ பாக்கெட்டைக் கரைச்சு ரெண்டு நாள் வச்சா பெருகிடும்னு சொல்றாங்களே, அது?

#14 · நுண்ணோக்கி

பெருகுவது பெரும்பாலும் ஈஸ்டும் பாக்டீரியாவும். வெல்லத் தண்ணீர் கிருமி நீக்கியதல்ல, டிரம் கிருமி நீக்கியதல்ல. 48 மணி நேரத்தில் பாக்டீரியா எத்தனை தலைமுறை தாண்டும், ஒரு பூஞ்சை வித்து முளைக்கவே பாதி நாள் எடுக்கும். காற்று புகாத டிரம்மில் டிரைக்கோடெர்மா வித்தும் உருவாகாது, இழைதான் கொஞ்சம் வளரும்.

பெவேரியாவுக்கு இதைச் செய்வது இன்னும் கெடுதல். வித்து தண்ணீரிலேயே முளைத்துவிடும். முளைத்த வித்தை வெயிலும் காற்றும் படும் இலையில் தெளித்தால் காய்ந்து சாகும். உறங்கும் வித்துதான் தாங்கும். கரைத்த கலவையைச் சில மணி நேரத்துக்குள் தெளித்து முடிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

#15 · ஏர்முனை

முழுசா ஒதுக்க வேண்டாம் நண்பரே. மண்ணில் ஊற்றும் டிரைக்கோடெர்மாவுக்கு டிரம் முறையில் இழைத் துண்டுகளும் போய்ச் சேரும், வெல்லம் மண்ணில் முதல் தீனியாகவும் இருக்கும். மீன்தொட்டிக் காற்றுப் பம்பு போட்டால் இன்னும் நல்லது.

#16 · நுண்ணோக்கி

பம்பு போட்டால் பாக்டீரியாவுக்கும் காற்றுதான். ஊற்றுவதால் தீங்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "1 கிலோ 100 கிலோ ஆயிற்று" என்று நம்பி அளவைக் குறைத்துப் போட்டால் அது தவறு. கிருமி நீக்கிய திரவத்தில், சுழலும் கலனில் வளர்ப்பது தொழிற்சாலை வேலை. வயலில் பெருக்க வேண்டுமானால் #12-இல் சொன்ன மக்கு முறைதான். அங்கே போட்டி இருக்கிறது, ஆனால் டிரைக்கோடெர்மாவுக்கு வேண்டிய காற்றும் நார்ச்சத்தும் இருக்கிறது.

#17 · ஏர்முனை

சரி, அளவைக் குறைக்கக் கூடாது என்பதில் நானும் உடன்படுகிறேன். பம்பு விஷயத்தில் உடன்படவில்லை, அதை விட்டுவிடலாம்.

#18 · கோடைக்காற்று

பூஞ்சணக்கொல்லியோடு எத்தனை நாள் இடைவெளி? எல்லாரும் 10 நாள் என்கிறார்கள்.

#19 · வேர்க்காவலன்

மருந்தைப் பொறுத்தது. பத்து நாள் என்பது இலைத் தெளிப்புக்கு ஏதோ பொருந்தும்.

கார்பன்டசிம் டிரைக்கோடெர்மாவுக்கும் பெவேரியாவுக்கும் மிகக் குறைந்த அளவிலேயே விஷம், மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். வேரில் கார்பன்டசிம் ஊற்றிய நிலத்தில் பத்தாம் நாள் டிரைக்கோடெர்மா ஊற்றுவது காசைக் கரைப்பது. விதைக்கு இரண்டையும் சேர்ப்பதும் அப்படியே. ஹெக்சாகோனசோல், புரோபிகோனசோல், டெபுகோனசோல் மாதிரியான டிரையசோல்களும் எல்லாப் பூஞ்சைக்கும் பகை. மேன்கோசெப் பெவேரியாவைக் கடுமையாகத் தடுக்கும், டிரைக்கோடெர்மா ஓரளவு தாங்கும்.

மெட்டலாக்சில் டிரைக்கோடெர்மாவை ஒன்றும் செய்யாது, அது பித்தியம், பைட்டோப்தோரா வகைகளை மட்டும் குறிவைக்கிறது. ஆனால் கடையில் பெரும்பாலும் மேன்கோசெப்போடு சேர்த்துதான் கிடைக்கும், லேபிளைப் படியுங்கள். தாமிர மருந்தை டிரைக்கோடெர்மா ஓரளவு தாங்கும் என்றாலும் இரண்டு வாரம் விடுவது நல்லது.

பூச்சிமருந்தில் இமிடாகுளோபிரிட் பெரும்பாலும் ஒத்துப்போகும். கரையான் விஷயத்தில் உதவவும் செய்கிறது: கரையான்கள் ஒன்றையொன்று நக்கி வித்தைத் துடைத்துவிடும் பழக்கத்தை அது மந்தமாக்குகிறது. குழம்பாகும் எண்ணெய்க் கரைசல் வகை மருந்துகளில் மருந்தை விடக் கரைப்பானே வித்தைக் கெடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன், டேங்க். நேற்று பூஞ்சணக்கொல்லி அடித்த டேங்கை ஒரு அலசு அலசிவிட்டுப் பெவேரியா ஊற்றுகிறார்கள். குழாய், வடிகட்டி, நாசில் உள்பட மூன்று முறை கழுவ வேண்டும். முடிந்தால் தனி டேங்க்.

#20 · மழைத்தூறல்

சூடோமோனாஸோட கலக்கலாமா?

#21 · வேர்க்காவலன்

வகையைப் பொறுத்தது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பாக்டீரியாவில் சில வகைகள் பூஞ்சையைத் தடுக்கும் பொருளைச் சுரக்கும். அதற்காகத்தானே அதை நோய்க்குப் போடுகிறோம்? டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். ஒரே தட்டில் எதிரெதிரே வளர்த்துப் பார்க்காத இரண்டைக் கலக்காதீர்கள். விதைக்கு டிரைக்கோடெர்மா, பதினைந்து நாள் கழித்து இலைக்கு சூடோமோனாஸ் என்று பிரித்தால் சண்டையே இல்லை. டிரைக்கோடெர்மாவையும் பெவேரியாவையும் ஒரே டேங்கில் போடுவதும் வேண்டாத வேலை. முன்னது வேகமாக வளரும், இரண்டுக்கும் போகவேண்டிய இடமும் வேறு.

#22 · வேர்முடிச்சு

நூற்புழுவுக்கு ஒரு வரி சேர்க்கிறேன். வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டையைத் தின்பவை பர்ப்யூரியோசிலியம் லிலாசினம் (பழைய பெயர் பேசிலோமைசஸ், 2011-இல் மாற்றினார்கள்), பொக்கோனியா. முட்டைக் குவியல் வேரின் வெளியே இருக்கும்போதுதான் சிக்கும். வேருக்குள் போய்விட்ட இளம்புழுவைத் தொடாது. அதனால் நடவுக்கு முன் மக்கோடு குழியில் போடுவதுதான் பலன் தரும். முடிச்சு தெரிந்த பிறகு ஊற்றுவது அடுத்த தலைமுறைக்கான வேலை. லிலாசினம் கண்ணில் பட்டால் விழிவெண்படலத்தில் தொற்று வரலாம். பொடியைக் கொட்டும்போது கண்ணாடி போடுங்கள். மற்றவற்றுக்கும் முகமூடி கட்டாயம், உலர்ந்த வித்து தொடர்ந்து மூக்கில் ஏறினால் ஒவ்வாமை வரும்.

#23 · கோடைக்காற்று

செத்த பூச்சி கிடைக்குது. அது பெவேரியாவால் செத்ததா, வேறெதனாலோன்னு எப்படித் தெரியும்?

#24 · இலைப்பேன்

தெளித்து நான்காம் நாளுக்குப் பிறகு செத்த, செத்துக்கொண்டிருக்கும் பூச்சிகளைப் பொறுக்குங்கள். 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசவும். மேல்தோலில் சும்மா ஒட்டியிருந்த வித்தும் அழுகல் பூஞ்சையும் போய்விடும். பிறகு ஈரத் தாள் விரித்த மூடிய பெட்டியில் மூன்று முதல் ஐந்து நாள்.

உடல் விறைத்து, மூட்டிடுக்குகளிலிருந்து வெள்ளை மாவு கிளம்பினால் பெவேரியா. வெள்ளை எழும்பிப் பிறகு பச்சையானால் மெட்டாரைசியம். உடல் தளர்ந்து, கருத்து, தொட்டால் நீராக வடிந்து நாறினால் பாக்டீரியாவோ வைரஸோ, உங்கள் தெளிப்புக்கு அதில் பங்கில்லை. கருப்பு, சாம்பல் பூசணம் செத்த பின் வந்தது.

பத்துப் பூச்சியில் ஒன்றில்கூட வெள்ளை எழவில்லை என்றால் #5-க்குத் திரும்பிப் போய் வித்தை எண்ணுங்கள். ஏழெட்டில் எழுந்தும் வயலில் பூச்சி குறையவில்லை என்றால் சரக்கு நல்லது. தெளிப்பு போய்ச் சேரவில்லை, அல்லது வெளியிலிருந்து புதிதாகப் பூச்சி வந்துகொண்டே இருக்கிறது.

#25 · வித்துக்கணக்கு

இரண்டு இடத்தில் மட்டும் இவற்றைக் கொண்டுபோகவே கூடாது. பட்டுப்புழு வளர்ப்புக்கும் முசுக்கொட்டைத் தோட்டத்துக்கும் அருகில் பெவேரியா, மெட்டாரைசியம் கூடாது. இத்தாலிய அறிஞர் பாஸ்ஸி 1835-இல் பெவேரியாவைக் கண்டுபிடித்ததே பட்டுப்புழுவைக் கொன்ற நோயாகத்தான். பயிர்ப்பூச்சி மேல் மெட்டாரைசியத்தை ஏவலாம் என்று அறிவியலாளர் மெக்னிகாவ் யோசித்தது அதற்கு நாற்பது ஆண்டுக்கும் மேல் கழித்து, 1879-இல்.

இன்னொன்று காளான் கொட்டகை. டிரைக்கோடெர்மா காளானையும் பூஞ்சையாகத்தான் பார்க்கும். காளான் படுக்கையில் வரும் பச்சைப் பூசணத்தில் டிரைக்கோடெர்மா அக்ரெசிவம் பேர்போனது. மக்கு பெருக்கும் இடமும் காளான் கொட்டகையும் ஒரே வளாகத்தில் இருந்தால் ஆள், மண்வெட்டி, சாக்கு எதையும் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

#26 · மழைத்தூறல்

கடைசிக் கேள்வி. மீதிப் பாக்கெட்டை அடுத்த பருவம் வரை வைக்கலாமா?

#27 · நுண்ணோக்கி

பிரிக்காத டால்க் பாக்கெட் அறை வெப்பத்தில் நான்கு முதல் ஆறு மாதம், அதுவும் நிழலான இடத்தில். 4 முதல் 8 டிகிரியில் வைத்தால் இன்னும் நீளும். வித்தைக் கொல்வது வெப்பமும் ஈரமும் சேர்ந்துதான். தகரக் கூரைக்கடியில் ஒரு வாரம் கிடந்தால் தேதி மிச்சம் இருந்தும் பயன் இல்லை. பிரித்த பாக்கெட்டை இறுகக் கட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிகா மணிப் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்துக் குளிரில் வைக்கவும். உறைபனிப் பெட்டியில் போட வேண்டாம்.

எடுக்கும்போது டப்பா அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்கவும், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். அடுத்த பருவத்தில் பயன்படுத்துமுன் #7 அரிசிச் சோதனை. ஐந்து நாளில் பச்சை தெரியாத டிரைக்கோடெர்மாவை எருக்குழியில் கொட்டிவிட்டுப் புதிது வாங்குங்கள்.